கண்ணோட்டமும் ஆராய்வும்: கொட்டியாரத்திற் சிறைப்பட்ட நொக்ஸின் சரித்திரம்

திருக்கோணமலைப் பெருங்குடாவின் தென்பாகம் கொட்டியாரக் குடா என வழங்கும். மலைநாட்டிலே தோன்றிய மகாவலி கங்கை, தான் கடந்துவந்த நிலங்களின் வண்டலையெல்லாம் சுமந்துவந்து கடலோடு கலப்பது இக்குடாவிலேயாம். இதன் கரையிலுள்ள மூதூர்ப் பகுதியில் ஒரு புளியமரம் நின்ற இடத்தை ஆங்கிலேயர் 'வெள்ளையன் மரம்' எனப் பெயரிட்டு, 1893ஆம் ஆண்டில் ஒரு நினைவுக்கல்லையும் நாட்டினர். 1660ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பலின் தலைவர் கண்டியரசனுடைய ஆட்களாற் பிடிக்கப்பட்டது அவ்விடத்திலே என்பது அக்கல் தரும் செய்தி. தலைவரின் பெயர் றொபேட் நொக்ஸ். உடன் சிறைப்பட்ட மகனின் பெயரும் றொபேட் நொக்ஸே. தந்தையார் மறு ஆண்டிலேயே காய்ச்சலால் இறந்தார். மகனோ பத்தொன்பதரை ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்து, பின் தப்பியோடி, 1681இல் இலண்டனில் ஒரு நூலை வெளியிட்டான். இலங்கைச் சரித்திரத்தைக் கற்போர் எவரும் அந்நூலைப் புறக்கணித்துச் செல்லுதல் இயலாது.

உழவு, உடை, உணவு, அரசிறை, சாதி வழக்கம் ஆகியவற்றுக்கு அந்நூலைச் சான்றாகக் காட்டுவது சரித்திராசிரியர் வழக்கம். இக்கட்டுரையின் நோக்கம் சிறிது வேறானது. அந்நியன் ஒருவன், தன்னைச் சிறைப்படுத்திய நாட்டிலே நாள்தோறும் பிறர் இட்ட சோற்றை உண்டான். நாள்தோறும் அவர்களை எடைபோட்டான். அவனுக்குச் சோறிட்டவரும் அவனை எடைபோட்டனர். இரங்குதலும் ஆராய்தலும் ஒரே முற்றத்தில் நிகழ்ந்த அவ்வாழ்க்கையைக் காண்போம். அதனைப் படிக்கும் நாம் எவருக்கு இரங்குவது, எவரை ஆராய்வது என்பதையும் கேட்போம்.

தமிழிலே 'கண்ணோட்டம்' என்றொரு சொல் உண்டு. வள்ளுவர் வாக்கில் அது தாட்சணியத்தைக் குறித்தது. கண்ணானது பிறர்மேற் சென்று இளகுதல் என்பது அதன் பொருள். இன்று பத்திரிகைகளிலும் மேடைகளிலும் அதே சொல்லை ஒரு பொருளை நோக்கும் நோக்கு, அதாவது ஆராயும் முறை, என்னும் பொருளில் வழங்குகின்றோம். பழம்பொருளில் இரக்கம், புதுப்பொருளில் ஆராய்வு! சொல்லுக்கு நேர்ந்த இம்மாற்றத்தைக் கண்டு தமிழாசிரியர் சிலர் வருந்துவர். யான் வருந்துவதில்லை. திருக்குறளின் 58ஆம் அதிகாரம் கண்ணோட்டம். அதனை அடுத்து வரும் 59ஆம் அதிகாரம் ஒற்றாடல். அரசன் இளகிய கண்ணுடையவனாதல் வேண்டும் என்று கூறி முடித்த ஆசிரியர், அவ்வரசனுக்கு ஒற்றரும் வேண்டும் என்று உடனே தொடங்குகின்றார். மாணவர் இதனைத் தற்செயல் என்று கருதிக் கடந்துபோவர். எனக்கு அவ்வாறு தோன்றுவதில்லை.

இனி, நொக்ஸைச் சிறைப்படுத்திய அரசன் யாவன், அவன் அவ்வாறு செய்தமைக்குக் காரணம் யாது என்பதை நோக்குவோம். இரண்டாம் இராசசிங்கன் 1635ஆம் ஆண்டளவில் கண்டியின் ஆட்சியை ஏற்றவன். அக்காலத்திலே இலங்கையின் கரையோரம் பறங்கியர் கையில் இருந்தது. எமது கோணேசர் ஆலயத்தை இடித்து அக்கற்களால் கோட்டை கட்டியவரும் அவர்களே. அவர்களை அகற்றுதற்பொருட்டு இராசசிங்கன் 1638இல் ஒல்லாந்தரோடு உடன்படிக்கை செய்துகொண்டான். கைப்பற்றும் கோட்டைகளில் அரசன் விரும்பினால் மட்டுமே ஒல்லாந்தர் படை வைத்தல் வேண்டும் என்னும் நிபந்தனை, அரசனிடத்திருந்த போர்த்துக்கேய மொழிப் படியிற் காணப்பட்டது. ஒல்லாந்த மொழிப் படியில் அது காணப்படவில்லை. திருக்கோணமலைக் கோட்டை 1639இல் வீழ்ந்தது. 1656இல் கொழும்பு வீழ்ந்தபோது ஒல்லாந்தர் அதனைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, கூட நின்று போர்புரிந்த அரசனுக்குக் கதவை அடைத்தனர். உடன்படிக்கையின் ஒரு வாக்கியம் ஒரு மொழியில் இருந்து மறு மொழியில் இல்லாது போனமையால் விளைந்த பயன் இது.

இவ்வாறு ஏமாற்றப்பட்டு நான்கு ஆண்டுகள் செல்லுமுன் கொட்டியாரத்தில் மற்றுமொரு ஐரோப்பியக் கப்பல் நங்கூரமிட்டது. 'ஆன்' கப்பல் கிழக்கிந்தியக் கும்பினியின் பணியிலிருந்தது. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்துக்கு அண்மையில் எழுந்த புயலிற் சிக்கி அதன் நடுப்பாய்மரம் வெட்டப்பட நேர்ந்தது. புதிய மரம் பொருத்தவும், அவ்வேளையிற் சிறிது துணிவாணிபம் செய்யவும் அது கொட்டியாரத்துக்கு அனுப்பப்பட்டது. வந்தவர்கள் பலநாட் தங்கினர், மரம் தறித்தனர், ஊரவரோடு கொள்வனவு செய்தனர். அரசனுக்குத் திருமுகமோ காணிக்கையோ அனுப்பினாரல்லர். தாம் பிடிபட்டமைக்கு இப்புறக்கணிப்பே காரணமாகலாம் என நொக்ஸே எழுதுகின்றான். தன்னைச் சிறைப்படுத்தியோரின் பக்கத்து நியாயத்தைத் தன் நூலிலே தானே எழுதிவைத்த இந்த நேர்மையை முதலிற் குறித்துக்கொள்ளல் வேண்டும். ஆயினும் முந்திய இருபதாண்டுச் சூழ்ச்சிகளை இச்சம்பவத்தோடு அவன் சேர்த்துப் பார்க்கவில்லை. கப்பலேறி வந்த பத்தொன்பது வயது இளைஞனிடம் அதனை எதிர்பார்த்தலும் முறையன்று.

திசாவை படையுடன் வந்து, தந்தையும் மகனும் உட்படப் பதினாறு பேரைக் கைக்கொண்டான். எவருக்கும் காயம் விளையவில்லை. அதன்பின் நிகழ்ந்ததே இச்சரித்திரத்தில் யான் மீண்டும் மீண்டும் படிக்கும் பகுதி. கப்பலை ஆற்றுக்குள்ளே கொண்டுவரும்படி கட்டளையிடுமாறு திசாவை தலைவரை நெருக்கினான். தலைவர் மகனையே தூதாகக் கப்பலுக்கு அனுப்பினார். அவன் சென்று, கப்பலை உள்ளே கொணராது விழிப்போடிருக்குமாறு தந்தையார் இரகசியமாகக் கூறிய சொல்லைச் சேர்த்தான். ஆனால் வெறுங்கையோடு திரும்பினால் திசாவையின் சினம் தந்தைமேற் பாயும். ஆகவே, கப்பலிலுள்ளோர் தலைவரின் கட்டளைக்கு இனிப் பணியமாட்டோம் என்று எழுதிக் கையொப்பமிட்ட கடிதம் ஒன்றையும் அவர்களிடம் பெற்றுக்கொண்டான். பிறகு, தான் நின்ற கப்பற்றட்டை விட்டு, தந்தைக்குக் கொடுத்த வாக்கின்படி கரைக்குத் திரும்பிச் சிறைப்பட்டான். 'ஆன்' பின்னர் பாய்விரித்துச் சென்றது.

திரும்பிச் சென்றதனைப் பிள்ளைப் பாசம் என்று எவரும் புகழ்வர். அக்கடிதத்தை மறந்துவிடலாகாது. பாசத்தால் மட்டும் இயங்கியவனாயின் தந்தையின் உயிருக்கு அஞ்சிக் கப்பலை உள்ளே கொண்டுவரச் சொல்லியிருப்பான். எஞ்சிய மாலுமிகள் அனைவரும் சிறைப்பட்டிருப்பர். அறிவால் மட்டும் இயங்கியவனாயின் கப்பலிலேயே தங்கியிருப்பான். அவ்விளைஞன் கப்பலைக் காத்தான், தந்தையைக் காத்தான், தன்னை மட்டும் காத்துக்கொள்ளவில்லை. அக்கணக்கைப் போடுதற்கு அவனுக்குக் கிடைத்த அவகாசம், கரையிலிருந்து கப்பல்வரை படகு செல்லும் நேரமே.

கைதிகள் உள்நாட்டுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். வழியில் ஊரவர் அவர்களுக்கு அன்போடு உணவளித்தனர் என்று நொக்ஸ் எழுதுகின்றான். பின்னர் ஊருக்கு ஒருவராகப் பிரித்து வைக்கப்பட்டனர். கைதிகளைத் தனித்தனியே பிரிப்பது காவலின்பொருட்டு என நாம் எண்ணக்கூடும். ஊட்டும் பாரம் ஓர் ஊரின்மீது மட்டும் விழாதிருத்தற்பொருட்டும் அஃது அவ்வாறு செய்யப்பட்டது. அரசன் கட்டளையிட்டான், சோறிட்டவர் குடியானவர். பச்சையரிசியாகத் தருவதா, சமைத்துத் தருவதா என்பதிலேயே பிணக்குகள் எழுந்தன. காலஞ்செல்ல, அரசன் தம்மைக் கொல்லமாட்டான் என்று அறிந்த ஆங்கிலேயர் சிலர் ஊரவரை அதட்டவும் தொடங்கினர். சட்டி வாங்கப்போன இடத்தில் குயவரோடு கைகலப்பு உண்டாயிற்று; வழக்கு அதிகாரிகளிடம் சென்றது; தீர்ப்பு அந்நியர்க்குச் சாதகமாயிற்று. குயவர் அடியும் பட்டுச் சட்டியும் இழந்தனர். நொக்ஸ் இதனை ஒருவகை நகைச்சுவையோடு சொல்லிச் செல்கின்றான். சிறைப்பட்டவன் என்ற ஒரே காரணத்தால் அவன் பக்கமே நியாயம் என்று கொள்ளும் வாசகன் குயவர்க்கு நேர்ந்ததைக் கவனியாது அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவான்.

தந்தையும் மகனும் பண்டார கொஸ்வத்தை என்னும் ஊரில், கண்டிக்கு வடமேற்கே, ஒரு திறந்த கொட்டிலில் வைக்கப்பட்டனர். இருவரையும் குளிர்காய்ச்சல் பற்றியது. மாதக்கணக்காக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கிடந்தனர். தந்தையார் இன்றைய கணக்கின்படி 1661 பெப்ரவரியில் உயிர்நீத்தார். நிலம் இறுகிக் கிடந்தது. மகனோ எழுந்து நிற்க வலியற்றவன். உதவி வேண்டி ஊரவரிடம் ஆளனுப்பினான். அவர்கள் மாடு கட்டும் கயிறு ஒன்றைக் கொண்டுவந்து, பிணத்தைக் கழுத்திற் கட்டிக் காட்டுக்குள் இழுத்துச் செல்லலாம் என்றும், வேறு உதவி வேண்டுமாயின் கூலி கொடுக்க வேண்டும் என்றும் கூறினர். மனம் புண்பட்ட இளைஞன் ஓர் ஆளைக் கூலிக்கு அமர்த்திப் புதைகுழி வெட்டித் தந்தையை அடக்கம் செய்தான்.

இப்பகுதியைப் படிப்போர் அவ்வூரவரைக் கொடியர் என்பர். அதே நூலின் வேறோர் இடத்திலே, எளிய மக்கள் தம் பிணங்களைப் பாயிற் சுற்றி, இரண்டொருவர் தூக்கிச் சென்று காட்டில் புதைத்துவிடுவர் என்றும், பிணத்தைத் தொடுதல் பெருந்தீட்டெனக் கருதப்பட்டது என்றும் நொக்ஸே விளக்குகின்றான். சாதியறியாத அந்நியப் பிணத்தைத் தொட்டால் அவர்கட்குத் தம் சுற்றத்தாரிடையே நேரக்கூடியது யாது? இரு செய்திகளும் ஒரே நூலில் இருந்தும் நொக்ஸ் அவற்றை இணைத்தானில்லை. இருபது வயதில் தந்தையின் கழுத்துக்குக் கயிறு நீட்டப்படக் கண்டவன், முதியவனாகிய பின்னும் அவற்றை இணைக்காமை இயல்பே. இணைக்க வேண்டியது நம் கடன். இணைத்த பின்னரும் அக்கயிறு கயிறாகவே இருக்கின்றது என்பதையும் சொல்லியாக வேண்டும். வழக்கத்தை விளக்குதல் வேறு, அதனை நன்றென்று கூறுதல் வேறு. தீட்டுக்கு அஞ்சி அயலானின் பிணத்தை விலகிநின்று பார்த்த வழக்கம் நம்மவரிடையே நெடுங்காலம் இருந்ததன்றோ?

அக்கொட்டிலில் மூன்றாமவன் ஒருவனும் இருந்தான். தந்தையாரின் ஏவலனாக வந்த சிறுவன் அவன். 'கறுத்தப் பையன்' என்றே நொக்ஸ் அவனைக் குறிக்கின்றான். எசமானர் இருவரும் நோயில் வீழ்ந்தபோது அவன் சொற்கேளாது திரிந்தான் என்று நொக்ஸ் குறைகூறுகின்றான். பிறகு, ஓர் ஓடையில் நொக்ஸ் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த நாளிலே, முதியவர் ஒருவர் வந்து, உன் எசமானுக்கு வாசிக்கத் தெரியுமா என வினவியதும் அப்பையனிடமே. அம்முதியவர் கொழும்பிலிருந்து கிடைத்த நூல் ஒன்றை வைத்திருந்தார். அது ஆங்கில விவிலியம். தான் பின்னிய தொப்பி ஒன்றைக் கொடுத்து நொக்ஸ் அதனைப் பெற்றுக்கொண்டான். அந்நூலின் வரவை இறைவனின் கருணையாகக் கருதி அவன் அழுத பகுதியை ஐரோப்பிய வாசகர் மிக விரும்பிப் படித்தனர். எனக்கோ அப்பையனின் நினைவே எழுகின்றது. நொக்ஸுக்கு நேர்ந்த சிறை ஒன்று. அவனுக்கு நேர்ந்தவை இரண்டு. எசமானன் நோயுற்றபோது அவன் பணியாதிருந்தமை குற்றமா, அன்றி அவனுக்குக் கிடைத்த முதல் விடுமுறையா?

நொக்ஸின் அன்றாட வாழ்வு பற்றிய செய்திகள் சுவை மிக்கவை. பருத்தி நூலாற் தொப்பி பின்னக் கற்றான். மூன்று பென்சு நூலிற் செய்த தொப்பி ஒன்பது பென்சுக்கு விலைபோயிற்று. புகையிலை, மிளகு, உள்ளி, சீப்பு, இரும்புச் சாமான் ஆகியவற்றைச் சுமந்து ஊர் ஊராக விற்றான். பின்னர் எலதத்தை என்னும் ஊரில் சிறு நிலம் வாங்கி, வீடு கட்டி, தென்னை நட்டான். இவை யாவற்றிலும் அவனுக்கு ஊதியம் தந்த தொழில் நெல்லை வட்டிக்குக் கொடுத்தலே. ஒரு பங்கு கொடுத்தால் அறுவடையில் ஒன்றரைப் பங்கு. நூற்றுக்கு ஐம்பது வட்டி. அந்நாட்டு வழக்கம் அதுவே, அவன் புதிதாக ஏற்படுத்தியதன்று. ஆயினும், ஊரவர் இட்ட சோற்றால் உயிர்தரித்தவன் அவ்வூர்ப்புறத்து உழவர்க்கே கடன்கொடுப்போன் ஆனான் என்பதை அவன் நூல் மறைக்கவில்லை. மறைக்காதது மட்டுமன்று, அதில் வெட்கப்படவேண்டியது ஏதும் உண்டென்றும் அவன் எண்ணினானில்லை.

இதே மனிதன், தன் நாட்டவன் ஒருவனுக்கு அந்நாட்டுப் பெண்ணிடம் பிறந்த சிறுமி ஒருத்தியைத் தன் வீட்டில் வளர்த்தான். லூசியா என்பது அவள் பெயர். பின்னர் தன் வீட்டையும் நிலத்தையும் அவளுக்கே விட்டுச்சென்றான்.

நாட்டு மக்களைப் பற்றி அவன் தந்த கணிப்பில் புகழும் இகழும் கலந்து வருகின்றன. களவை அவர்கள் மிக வெறுப்பர் என்பான். பொய் சொல்ல நாணமாட்டார் என்பான். உழவனும் அரசவைக்குரிய நாகரிகத்தோடு பேசுவான் என வியப்பான். அரசனைப் பற்றி எழுதும்போது அவன் எழுதுகோல் கடுமையாகின்றது. யானைக்காலில் இடறுவித்தல், குடும்பத்தோடு தண்டித்தல், பெருமக்கள் நாள்தோறும் நடுங்கி வாழ்தல் என்பனவற்றை விரித்துரைக்கின்றான். 1664இன் இறுதியில் எழுந்த கிளர்ச்சியையும், அதன்பின் அரசன் தன் இளமகனையே நஞ்சூட்டிக் கொல்வித்தான் எனத் தான் கேட்டதையும் எழுதுகின்றான். அந்நியக் கைதிகளிடம் அவ்வரசன் பெரிதும் மென்மையாகவே நடந்தான் என்பதையும் அவனே எழுதுகின்றான். அரசவைப் பதவி தன்னை நெருங்கியபோதெல்லாம் நொக்ஸ் அஞ்சி விலகினான். அரசனின் அருகிருந்தோர் முடிவை அவன் கண்டவன்.

1672இல் பிரெஞ்சுக்காரர் கொட்டியாரத்துக்குக் கடற்படையுடன் வந்தபோது, அவர்களின் தூதர் டி லனரோல் அரண்மனைவரை குதிரைமீதேறிச் சென்று, அரசன் வரத் தாமதித்தான் என்று காத்திராது திரும்பினார். விளைவு, விலங்கு. அவரும் இந்நாட்டிலேயே தங்க நேர்ந்தது; அவர் பெயரைத் தாங்கிய குடும்பத்தார் இன்றும் இலங்கையில் உளர். சினங்கொண்ட அரசனின் செயலென்று இதனைக் கூறிவிடலாம். ஆனால் வேற்றரசன் வாயிலிற் குதிரையைவிட்டு இறங்காத தூதர் பாரிசு நகரிலே எவ்வாறு நடத்தப்பட்டிருப்பார் என்றும் சிந்திக்க வேண்டும்.

ஆங்கிலத் தத்துவஞானியாகிய யோன் லொக், 1690ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்த தம் அரசியல் நூலில், கட்டற்ற முடியாட்சியின் தீமைக்கு இலங்கையைப் பற்றிய இந்நூலையே எடுத்துக்காட்டினார். நம் நாட்டைக் கண்டறியாத ஒருவர் ஒரு கைதியின் சொற்கொண்டு அவ்வாறு தீர்மானித்தல் தகுமா எனச் சிலர் சினப்பர். யான் அவர்களோடு சேரேன். கைதியின் சொல் என்பதனாலேயே ஒன்று பொய்யாகிவிடாது. அரசனின் கொடுமைக்கு ஆளானோரிற் பெரும்பாலார் அவனுடைய சொந்தக் குடிகளே. அவர்கள் எழுதிவைத்த நூல் நமக்கு இல்லை. ஒல்லாந்தரால் ஏமாற்றப்பட்டவன் என்று இராசசிங்கனுக்காக இரங்குவோம். அவ்விரக்கத்தைக் கொண்டு அவன் தண்டித்த குடும்பங்களை மறைக்க முயல்வோமாயின், அது இரக்கமன்று, கட்சியாகும்.

தப்பியோடிய வரலாறு நெடியது; சுருக்கியே சொல்கின்றேன். 1679 செப்டெம்பரில் நொக்ஸும் ஸ்டீபன் றட்லண்டும் சில்லறை வாணிபர் போல வடக்கு நோக்கிப் புறப்பட்டனர். அநுராதபுரத்தைக் கடந்து, மல்வத்து ஓயாவின் வழியே, தமிழ் வழங்கும் வன்னி நாட்டுட் புகுந்தனர். காணும் ஒவ்வொருவரும் தம்மைப் பிடித்துக் கண்டியில் ஒப்படைப்பரோ என்னும் அச்சம் அவர்களை வாட்டிற்று. அரிப்பை அணுகும் நிலையில், மரநிழலிலே சோறு சமைத்துக்கொண்டிருந்த பிராமணர் இருவரைக் கண்டனர். அவர்கள் இவர்களின் நிலைக்கு இரங்கினர். இரங்கியும் உடனே வழிகாட்டப் புறப்பட்டாரல்லர். தாம் பிறர் கையில் அகப்பட்டால் விளையும் கேட்டை எண்ணினர். பேச்சு நடந்தது. சிறிது பணமும் ஒரு சிவந்த தொப்பியும் ஒரு கத்தியும் கைமாறின. அதன்பின் ஒருவர் வழிகாட்ட இசைந்தார். அக்டோபர் 18இல் இருவரும் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தனர். அப்பிராமணரைக் கூலிக்கு வழிகாட்டியவர் என்று குறைத்துப் பேசுவோரை யான் அறிவேன். உயிருக்கு ஆபத்து உண்டென்று அறிந்து, அதற்கு விலை பேசி, பேசியபடி செய்து முடித்த அந்த மனிதரை யான் மதிக்கின்றேன். கயிறு கொண்டுவந்த கொஸ்வத்தையாரும் விலை பேசினர். இரண்டையும் ஒன்றெனக் கூறமுடியாது. முற்றிலும் வேறெனக் கூறவும் முடியாது.

1680 செப்டெம்பரில் நொக்ஸ் இங்கிலாந்தை அடைந்தான். கப்பலிலேயே எழுதத் தொடங்கிய குறிப்புகளை, இராயல் சங்கத்தைச் சேர்ந்த அறிஞர் றொபேட் ஹூக்கின் துணைகொண்டு நூலாக்கினான். கும்பினி அவனை 'டொங்கின் மேர்ச்சன்ற்' என்னும் கப்பலுக்குத் தலைவனாக்கிற்று. அக்கப்பலிலே அவன் மடகஸ்கார் தீவுக்குச் சென்று அடிமைகளை வாங்கினான். பத்தொன்பதரை ஆண்டு சிறையிருந்தவன். தந்தையைக் காட்டிலே புதைத்தவன். சுதந்திரத்தின் அருமையைப் பக்கம் பக்கமாக எழுதியவன். அவன் மனிதரை விலைகொடுத்து வாங்கிக் கப்பலின் அடித்தளத்தில் அடைத்தான். பட்ட துன்பம் மனிதரைத் தாமாகவே இரக்கமுள்ளவராக ஆக்கிவிடும் என்று நம்புவோர் இச்செய்தியைச் சிறிது நேரம் எண்ணிப் பார்த்தல் நன்று. அவன் 1720இல் இறந்தான்.

இத்தகையவனுக்காக இரங்குதல் வேண்டுமா என்று சில ஆண்டுகளுக்கு முன் என் மேல்வகுப்பு மாணவர் கேட்டனர். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. அடிமை வாணிபம் செய்தவனின் கண்ணீர் நமக்கு எதற்கு என்றனர் ஒருசாரார். அவன் சிறைப்பட்டபோது அடிமை வாணிபம் செய்யவில்லையே என்றனர் மறுசாரார். பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன், "சேர், அவன் கப்பலிலேயே நின்றிருந்தா அப்பாவைக் கொண்டுபோட்டிருப்பாங்கள்" என்று மட்டும் சொன்னான். வகுப்பு அமைதியாயிற்று. 1983இலிருந்து 2009வரை நீடித்த போரிலே, கூட்டிச் செல்லப்பட்டுத் திரும்பாதோர் இம்மாவட்டத்தின் எல்லாச் சமூகத்தாரிடத்தும் உளர். மாணவர் எவரெவர் வீட்டில் யார் யார் இல்லை என்பது ஆசிரியனுக்குத் தெரியும். அத்தகைய வகுப்பிலே ஒரு கைதியின் கதையை வெறும் பரீட்சை வினாவாக நடத்துதல் கூடாது. ஒப்பாரியாக நடத்துதலும் கூடாது. அழுதவர் சொன்னதையெல்லாம் அப்படியே ஏற்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு ஊட்டினால், நாளை எவன் உரக்க அழுகின்றானோ அவன் பின்னே செல்வர். அழுகையைக் கேட்டவுடன் சான்று எங்கே என்று முதலிற் கேட்கும் பழக்கத்தை ஊட்டினால், அவர்கள் பக்கத்து வீட்டுக்குப் போக உதவாதவர் ஆவர்.

ஆகவே ஒரு பயிற்சி கொடுத்தேன். கொஸ்வத்தையிலே நொக்ஸுக்குச் சோறிட்ட குடியானவர் ஒருவர் திசாவைக்கு எழுதும் விண்ணப்பத்தை எழுதிவரும்படி சொன்னேன். பலர் அரசனைத் திட்டியிருந்தனர்; சிலர் வெள்ளையனைத் திட்டியிருந்தனர். கங்கைக் கரைப்புறத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எவரையும் திட்டவில்லை. எத்தனை நாள், நாளைக்கு எத்தனை கொத்து அரிசி, அதற்கு எவ்வளவு நெல், எவ்வளவு உப்பு, எவ்வளவு விறகு என்று கணக்கெழுதி, அதன்கீழே, காய்ச்சற்காரன் அரைவயிறே உண்டான் ஆகையால் மிச்சத்தை எங்கள் பிள்ளைகள் உண்டார்கள், அதனையும் கழித்துக்கொள்ளவும் என்று முடித்திருந்தாள். இருபதுக்குப் பதினேழு புள்ளியிட்டேன். நெற்கணக்கில் ஓரிடத்தில் பிழைவிட்டிருந்தாள்.